பெட்டிக்குள் இருந்த போன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் எனக்குக் காண்ட்ராக்ட் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனது என் மகள். அரசாங்க உதவித்தொகை கிடைத்ததால்தான் சேர்த்தேன். முதல் வருடம் விண்ணப்பத்தைக் காலேஜிலேயே போட்டுக்கொடுத்தார்கள். பெண் பிள்ளையின் நம்பர் எங்கெங்கோ போக வேண்டாம் என்று என் போன் நம்பரைக் கொடுத்தேன். பணம் வந்தது. ஒரு முறை வந்துவிட்டால் படிப்பு முடியும்வரை தானாக வரும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாம் வருடம் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். அதற்குப் புது வருமானச் சான்றிதழ் வேண்டும். அது கைக்கு வருவதற்குள் கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆகிவிட்டது.

"ப்பா, நாளைக்குப் பதினோரு மணிக்கு சுங்குவார்சத்திரம் பிரவுசிங் சென்டர்ல இருப்பேன். உன் போனுக்கு ஓடிபி வரும். ஒடனே சொல்லணும். இல்லன்னா போன எங்கிட்ட குடுத்துட்டுப் போ."

கொடுக்க முடியாது. கம்பெனி கேட்டில் வருகைப் பதிவு அந்தப் போனில்தான். பதிந்ததும் அதை அங்கேயே ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். லீவு போட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும்.

"சூப்பர்வைசரைக் கேட்டுக்கினு கேட்டுக்கு வந்துடறேம்மா" என்றேன்.

வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பத்தே முக்காலுக்கு சூப்பர்வைசர் என் பக்கம் வந்தார். என் வயதில் பாதிதான் இருக்கும். பக்கத்தில் நின்ற பையன் அந்த நேரம் பார்த்து, "இன்னா பெரீப்பா, மணியையே பாத்துக்கினு கீற? கேண்டீன்ல பிரியாணியா?" என்றான். லைனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"இன்னாண்ணே, எதுனா வேணுமா?" என்று சூப்பர்வைசரே கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

ஷிப்ட் முடிந்து இரவு எட்டு மணிக்குப் போனை எடுத்தபோது மகள் பதினேழு முறை கூப்பிட்டிருந்தாள். ஓடிபி மூன்று முறை வந்திருந்தது. எதுவும் இனி செல்லாது. பிரவுசிங் சென்டரையும் மூடியிருந்தார்கள்.

"கேட்டியாப்பா?" என்றாள்.

"கேட்டேம்மா. வுட மாட்டேன்னுட்டாரு."

மறுநாள் காலேஜில் போய் நின்றோம். தேதி முடிந்துவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை பீஸ் கட்டிப் படிக்கவைக்க என்னால் முடியவில்லை. இப்போது அவளும் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். அவள் போனையும் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் சாப்பிடும்போது சொன்னாள்: "எங்க சூப்பர்வைசர் உங்காளு மாதிரி இல்லப்பா. கேட்டா வுட்ருவாரு."

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. இன்று அவளுக்கு முதல் ஷிப்ட். அவள் வருவதற்குள் இதை எழுதி முடித்தேன்.

9 நவம்பர் 2025, ஞாயிறு.