கடைசி ஆள் வராமல் டீ கிடையாது

எங்கள் வீட்டில் ஆளுக்குத் தகுந்தபடி பேச்சு மாறும். அப்பாவை அத்தா என்போம்; அத்தா கடையிலிருந்து திரும்பினால் மரியாதையாக "வந்தாக". அத்தாவின் தம்பி, அதாவது என் சின்னத்தா, வந்தால் "வந்துச்சு". அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது சின்னத்தா அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். சோறு ஊட்டாத குறையாக அவள் வளர்த்த பிள்ளை. அதனால் அவருக்கு மீசை முளைத்து, போலீஸ் வேலைக்கு மனுப் போட்டு, தினமும் மைதானத்தில் ஓடிப் பழகுகிற வயது வந்த பிறகும் "தம்பி வந்துச்சா, தம்பி சாப்பிட்டுச்சா" என்றுதான் கேட்பாள். அம்மாவைக் கேட்டுக் கேட்டு நானும் அப்படியே பேசினேன். ஏழு வயதுப் பெண்பிள்ளை தன்னை வந்துச்சு, போச்சு என்று சொல்வதைப் பற்றிச் சின்னத்தாவுக்கும் புகார் எதுவும் இருந்ததில்லை.

சின்னத்தா ஓடியதை யாரும் கேள்வி கேட்கவில்லை, போலீஸ் வேலைக்கு ஓடித்தான் ஆக வேண்டும். அத்தா ஓட ஆரம்பித்ததுதான் தெருவுக்கே பேச்சாகிவிட்டது. அத்தாவுக்கு எலெக்ட்ரிக்கல் சாமான் கடை. காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். சர்க்கரை இருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியாக நடக்க அலுப்பாக இருக்கிறது, துணைக்கு ஆள் இருந்தால் பார்க்கலாம் என்று அத்தா நழுவப் பார்த்தார். அம்மாவிடம் அது நடக்குமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊரில் ஒரு கூட்டம் சேர்ந்து ஓடுகிறது என்று விசாரித்து, அதை நடத்துகிற டயர் கடை மாமாவின் நம்பரை வாங்கி, அத்தாவின் பெயரைச் சேர்த்துவிட்டாள். துணைக்கு ஒரு ஆள் கேட்டவருக்கு இருபது முப்பது பேர் கிடைத்துவிட்டார்கள்.

"காசு குடுத்து பூட்ஸ் வாங்கி ஓடுறாகளாம். நாய் வெரட்டுனா சும்மாவே ஓடலாமே" என்று பெரியம்மா, அம்மாவின் அக்கா, வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஞாயிறு விடியலில் அம்மாவின் போனில் சேவல் கூவும். அத்தா போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். "சுபுஹு தொழுதுட்டு அப்படியே போயிட்டு வாங்க" என்று அம்மா போர்வையை உருவுவாள். அடம்பிடித்து நானும் வண்டியில் தொற்றிக்கொள்வேன். கோவிலூர் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை. அதன் முன்னால் எல்லோரும் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாவிகளை என் மடியில் போட்டுவிட்டு ஓடப் போவார்கள். கோவிலூர் தாண்டிப் போய்த் திரும்புவது வழக்கம். அவர்கள் வரும்வரை டீக்கடைக்கார அக்கா தந்த பன்னைத் தின்றுகொண்டு சாவிக்கொத்துகளுக்குக் காவல் இருப்பேன். ஊரின் வண்டிகள் அத்தனையும் என் தயவில்தான் ஓடுகின்றன என்று ஒரு மிதப்பு எனக்கு.

எல்லோரும் திரும்பி வந்தாலும் அத்தா மட்டும் வந்திருக்க மாட்டார். ஓட முடியாமல் இல்லை. வழியில் தெரிந்த முகத்தைப் பார்த்தால் நிற்காமல் போக அவரால் முடியாது. உங்க வீட்டு மோட்டார் இப்ப தண்ணி எடுக்குதா, அந்த ஃபேன் சத்தம் நின்னுச்சா என்று கேட்டுவிட்டு, டிராக் பேண்ட்டைக் கைலி என்று நினைத்து இரண்டு கையாலும் ஏற்றிவிட்டுக்கொண்டு, பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பார். ஓட்டக் கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. கடைசி ஆள் வராமல் டீ கிடையாது. ஆகவே முதலில் வந்தவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே திரும்ப ஓடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ரோட்டுத் திருப்பத்தில் பெரிய சத்தம் கேட்கும். சுற்றிலும் ஆட்கள் கைதட்டிக்கொண்டு வர, நடுவில் அத்தா மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருவது மாதிரி சிரித்தபடி வருவார்.

"நீங்க எப்பத்தா ஃபர்ஸ்ட்டா வருவீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் ஃபர்ஸ்ட்டா வந்துட்டா, பாவம், இவுக யாரைக் கூட்டியாறப் போவாக?" என்றார்.

அந்த வருடம் பரீட்சை விடுமுறையில் கோடை ஓட்டப் பந்தயம் என்று அறிவித்திருந்தார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள், மேடையில் கோப்பைகள் இருக்கும், வந்து சேரும் எல்லோருக்கும் மெடல் உண்டு என்றார்கள். அம்மாதான் அத்தாவின் பெயரைப் போனில் பதிந்தாள். பனியன் அளவு கேட்டபோது அத்தா வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். அம்மா அதைப் பார்த்துவிட்டு இருப்பதிலேயே பெரிய அளவைப் போட்டாள்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அத்தா கடையில், அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். ஓடும்போது அல்ல, ஓடி முடித்தும் அல்ல. ஒரு புதன்கிழமை, யாருக்கோ பல்பை மாட்டி எரியவைத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது. என்னைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே டிவியில் பொம்மைப் படம் போட்டுவிட்டு, கேட்காமலே இரண்டு ஐஸ்கிரீம் தந்தார்கள். மவுத்து என்ற சொல் காதில் விழுந்தது. அத்தா அல்லாஹ்விடம் போய்விட்டார் என்றார்கள். போனவர்கள் வருவார்கள் என்பதுதான் அந்த வயதில் எனக்குத் தெரிந்த வழக்கம். துபாய் போன மாமா வந்தாரே.

அம்மா வெள்ளைச் சேலை உடுத்தி உள் அறையில் இத்தா இருந்தாள். கணவன் போன பிறகு நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. சின்னத்தாகூட அவள் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாதாம். அறை வாசலில் ஒரு பச்சைத் திரை போட்டிருந்தார்கள். அவர் கூடத்தில் நின்று பேசுவார், அம்மா திரைக்குள்ளிருந்து பதில் சொல்வாள். "தம்பி சாப்பிட்டுச்சா?" என்று என்னைக் கேட்டு அனுப்புவாள். நான் திரைக்கு உள்ளும் வெளியும் தகவல் சுமந்துகொண்டு, எனக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததில் பெருமையாகத்தான் இருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பெரியம்மா ஒரே பாட்டைப் பாடினார். "வாரத்துக்கு வாரம் எழுப்பி வெரட்டி விட்டா எந்த நெஞ்சு தாங்கும்? அவுகபாட்டுக்கு ஒக்காந்திருந்த மனுசன்." இதற்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். பெரியம்மாவுக்கு டாக்டரைவிடக் கூடுதலாகத் தெரியும். திரைக்குள்ளிருந்து அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவளுடைய போனில் சேவல் கூவியது. அம்மா முழித்துத்தான் படுத்திருந்தாள், ஆனால் அதை நிறுத்தவில்லை. "அதை அமத்தித் தொலையேண்டி" என்று பெரியம்மா அடுத்த அறையிலிருந்து கத்தினார். சேவல் கூவி முடித்துத் தானாக ஓய்ந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாள் டயர் கடை மாமா ஒரு பையோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே ஆரஞ்சுப் பனியனும், நெஞ்சில் குத்திக்கொள்கிற நம்பர் தாளும் இருந்தன. பெயர் பதிந்து வந்துவிட்டது, தூக்கிப்போட மனசு வரவில்லை என்று சொல்லி, பையைச் சின்னத்தா கையில் கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். சின்னத்தா அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

திரைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தம்பி, நீ ஓடுறியா?"

சின்னத்தா பையிலிருந்த நம்பர் தாளை எடுத்துப் பார்த்தார்.

"பேரு குடுத்துட்டாக தம்பி. அது ஓடாமக் கெடக்க வேணாம்."

"சரி மதினி" என்றார் சின்னத்தா.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சின்னத்தா ஓடினால் கோப்பை எங்களுக்குத்தானே. மைதானத்தில் அவர் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், வெளியூர்க்காரர்கள் என்ன, யார் வந்தாலும் அவரை ஜெயிக்க முடியாது. மறுநாள் விடியலில் ஓட்டக் கூட்டத்து டீச்சர் அக்கா என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, பந்தயம் தொடங்கி முடிகிற அதே டீக்கடைக்குப் போனார். முழங்கால் வலி என்று அவர் அன்று ஓடவில்லை. வழக்கம்போல எல்லோரும் சாவிகளை என் மடியில் போட்டார்கள். அத்தாவின் பனியன் சின்னத்தாவுக்குத் தொளதொளவென்று தொடைவரை தொங்கியது. "ஃபர்ஸ்ட்டா வந்துரணும்" என்று அவரிடம் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

வெயில் ஏற ஏற ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரோட்டுத் திருப்பத்தில் ஒன்றும் முடிகிற இடத்தில் ஒன்றுமாகக் கறுப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அதை மிதித்ததும் நம்பரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெயர் சொல்லுமாம். மைக்கில் ஒரு வெளியூர் அண்ணன் ஒவ்வொரு பெயராக வாசித்து, "இதோ வந்துகொண்டிருக்கிறார், கை தட்டுங்கள்" என்று முழங்கினார். முதல் ஆள் சின்னத்தா இல்லை. இரண்டாவதும் இல்லை. கோப்பைகளைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். தொப்பை வைத்தவர்கள் வந்தார்கள், வாக்கிங் ஸ்டிக்கோடு ஒரு தாத்தா வந்தார். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோன அண்ணன் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். டயர் கடை மாமா அவரிடம் சின்னத்தாவைப் பற்றிக் கேட்டார்.

"கோவிலூர்கிட்ட ஒரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருக்காப்ல. மோட்டார் இப்ப தண்ணி எடுக்குதான்னு கேட்டுக்கிட்டு" என்றார் அந்த அண்ணன்.

பந்தயத்தின் நடுவில் நின்று மோட்டாரைப் பற்றிக் கேட்கிற ஆளை வைத்துக்கொண்டு கோப்பை வாங்க முடியுமா? இனிமேல் சின்னத்தாவோடு பேசவே கூடாது என்று முடிவுசெய்தேன். டயர் கடை மாமா கழுத்தில் போட்ட மெடலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்ப ஓட ஆரம்பித்தார். ஓட்டக் கூட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக அவர் பின்னால் போனார்கள். டீச்சர் அக்கா மட்டும் என்னோடு இருந்தார். போனை எடுத்து ஏதோ பேசிவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். படம் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

ரோட்டுத் திருப்பத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்குமே, அதே கைதட்டல். மைக்கில் அந்த வெளியூர் அண்ணன் அத்தாவின் முழுப் பெயரையும், முன்னெழுத்தோடு, தப்பில்லாமல் வாசித்தார். "இதோ வந்துகொண்டிருக்கிறார்!"

எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. அத்தா வருகிற நேரம் அதுதானே. எல்லோரும் வந்த பிறகு, திரும்பிப் போனவர்கள் கூட்டிக்கொண்டு வர, இப்படித்தானே வருவார். சாவிகள் எல்லாம் கீழே கொட்ட, "அத்தா! அத்தா!" என்று கத்திக்கொண்டு ரோட்டில் ஓடினேன். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்தேன். ஆரஞ்சுப் பனியன் தெரிந்தது. நெஞ்சில் நம்பர் தெரிந்தது. மேலே பார்த்தால் சின்னத்தாவின் முகம் இருந்தது.

கிடைத்த இடத்தில் எல்லாம் அவரை அடித்தேன். "எங்கத்தா எங்க? பேரு சொன்னாகள்ல. நீ எதுக்கு வந்தே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். கைதட்டல் நின்றுவிட்டது. சின்னத்தா என்னைத் தடுக்கவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்து முடிகிற இடத்துக் கம்பளத்தைத் தாண்டினார். மைக் இன்னொருமுறை அத்தாவின் பெயரைச் சொன்னது. மெடல் போட வந்தவர்களிடம் தலையைக் குனியாமல் கையில் வாங்கிக்கொண்டார். அன்று டீ போட்டு வைத்திருந்தும் யாரும் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சின்னத்தா கூடத்தில் நின்றுகொண்டு மெடலை என் கையில் கொடுத்து, உள்ளே கொடு என்று கண்ணைக் காட்டினார். திரையை விலக்கிப் போனேன். அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் இருந்தது.

"அத்தா பேரச் சொன்னாகம்மா" என்றேன்.

"கேட்டேன்" என்றாள் அம்மா. நான் கத்தியதையும் கேட்டிருக்க வேண்டும். மெடலை வாங்கி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனாவதா வந்தாக?"

"வந்தாக இல்லம்மா, வந்துச்சு. சின்னத்தாதான் வந்துச்சு" என்று திருத்தினேன்.

"சரி. எத்தனாவதா?"

சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. "கடைசி" என்றேன். "வழியெல்லாம் நின்னு நின்னு, மோட்டார் தண்ணி எடுக்குதான்னு கேட்டுக்கிட்டு, எல்லாரும் போயிக் கூட்டியாந்தாக."

அம்மா சிரித்தாள். அத்தா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அப்ப அவுகதான்" என்றாள். "அவுகதான் வந்திருக்காக." சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு எங்கேயோ போய், மெடலை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். திரைக்கு அந்தப் பக்கம் சின்னத்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்ட சத்தம் கேட்டது.

கடைசியாக வந்ததற்குத்தான் இந்த அழுகை என்று எனக்குப் பட்டது. அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்காலைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாதம்மா" என்றேன். "அடுத்த வருசம் சின்னத்தாவ வழியில எங்கயும் நிக்காம வேகமா வரச் சொல்றேன்."