கைபிரேக்கில் இருந்த கை

விடிகாலை ஐந்தரைக்கு ஜாய்ஸின் போன் அடித்தது. உத்தமபாளையத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். பேசியது கஸ்தூரியம்மாளின் மகன் கர்ணன்.

"டீச்சர், அம்மா போய்ட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னாக, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அனுமந்தன்பட்டி கஸ்தூரியம்மாள் வாழைத்தார் வியாபாரி. வேன் வைத்திருந்த கணவர், இருந்தவரை அவரைச் சாவியைத் தொட விட்டதில்லை. அவர் இறந்த பிறகு, ஐம்பது வயதுக்கு மேல், கஸ்தூரியம்மாள் ஜாய்ஸிடம் வந்து சேர்ந்தார். முதல் தடவையிலேயே லைசென்ஸும் வாங்கிவிட்டார். தாரை ஏற்றிக்கொண்டு தனியாகக் கம்பம் மார்க்கெட்டுக்குப் போய்வர வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

ஜாய்ஸ்தான் விடவில்லை. லைசென்ஸ் வந்த பிறகும் வேனின் முன்கண்ணாடியில் இருந்த சிவப்பு 'எல்' ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம் என்றாள். கூடவே போனாள். பயிற்சிக் காரில் அவள் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. வேனில் அது இல்லாததால் கைபிரேக்கின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

"ஏத்தா கஸ்தூரி, டீச்சரம்மா இல்லேன்னா வண்டி நகராதோ?" என்று மார்க்கெட்டில் கேலி செய்தார்கள். கஸ்தூரியம்மாள் தாரை இறக்குவதில் மும்முரமானார். ஜாய்ஸ் சிரித்தாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

"நாளைக்கு நான் மட்டும் போய்ப் பாக்கட்டுமா டீச்சர்?"

"ஜீப்புக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வர்ற ரோடு அக்கா. இன்னும் ஒரு மாசம் போகட்டும்."

அந்த ஒரு மாதம் முடியவே இல்லை. ஒருநாள் வளைவில் பஸ் எதிரே வந்ததும் ஜாய்ஸ் கைபிரேக்கை வெடுக்கென்று இழுத்தாள். பின்னால் தார்கள் சரிந்து பழம் நசுங்கியது.

"நான் அப்பவே பிரேக்ல கால வச்சுட்டேன் டீச்சர்," என்றார் கஸ்தூரியம்மாள். "நீங்க என் காலப் பாக்கல. ரோட்டத்தான் பாத்தீக."

"எதுக்கும் சூதானமா இருக்கணும்ல?" என்று ஜாய்ஸ் பேச்சை முடித்துவிட்டாள். அதன் பிறகு அவர் தனியாகப் போவதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த அமைதியை ஜாய்ஸ் பணிவு என்று எடுத்துக்கொண்டாள்.

துக்க வீட்டு வாசலில் வேன் நின்றது.

"பந்தல் போடணும், கொஞ்சம் நகட்டித் தாங்க டீச்சர்," என்று கர்ணன் சாவியை நீட்டினான்.

அந்த வேனின் டிரைவர் சீட்டில் ஜாய்ஸ் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உயரம் எட்டுவதற்காகக் கஸ்தூரியம்மாள் மடித்துப் போட்டிருந்த போர்வை சீட்டில் இருந்தது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. கைபிரேக்கை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

கண்ணாடியில் இருந்த 'எல்' ஸ்டிக்கரை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள். மேல் மூலைகள் இரண்டும் பிரிந்திருந்தன. கீழ்ப்பாதி இன்னும் ஒட்டியிருந்தது.