காசு வாங்காத மியூசியங்கள்

இராமநாதபுரத்தில் நான் மெட்ராஸ் ரயிலில் ஏறியபோது எதிர் இருக்கையில் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். மூன்று விரல்களில் மோதிரம், கழுத்தில் கனத்த சங்கிலி. எதை நீட்டினாலும், "காசு கேப்பாகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். நான் படித்து முடித்த பேப்பரைக் கொடுத்தபோதும் அதையே கேட்டார்.

மெட்ராஸில் ஒரு வாரம் மியூசியமாகப் பார்க்கப் போகிறார்களாம். கலை, சரித்திரம் என்ற பேதமெல்லாம் அவரிடம் இல்லை. வாசலில் காசு வாங்கக்கூடாது, அவ்வளவுதான். எந்தக் கிழமை எங்கே இலவசம் என்று விசாரித்து, அதற்காகப் பயணத்தையே ஒரு மாதம் தள்ளிப்போட்டிருந்தார். ரயிலுக்கும் லாட்ஜுக்கும் கொடுப்பதெல்லாம் அவருக்குச் செலவாகவே தெரியவில்லை.

"நம்மூரு அரண்மனைக்குள்ள சுவரெல்லாம் சித்திரம் இருக்கே, பாத்திருக்கீகளாண்ணே?" என்றேன்.

"அங்கன டிக்கெட்டு கேக்குறாக தம்பி. சுவத்தப் பாக்க எதுக்குக் காசு?"

அதுவரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா திரும்பினார்.

"கல்யாணமான நாள்ல இருந்து அந்த அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்குறேன் தம்பி. வாசல் வரைக்கும் வருவாக, திரும்பிருவாக. நல்லவேளை, என்னயப் பொண்ணு பாக்க எங்கய்யா டிக்கெட்டு வைக்கல. அதான் வந்தாக."

அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ அந்த நாளை நினைத்துக்கொண்டவர்போல முகம் மலர்ந்தார்.

"பலகாரமும் குடுத்தாக தம்பி," என்றார்.