சத்தம் வராத லேப்டாப்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் பையை மறந்து வைத்துவிட்டுப் போனார் என்று நாள் முழுக்க அறிவிப்பவள். பெஞ்சில் அசந்து தூங்குகிறவரையும் எழுப்பி வண்டியில் ஏற்றிவிடும் குரல் அது. வீட்டில் அவள் உப்பு எங்கே என்று கேட்டால் மாடிவீட்டிலிருந்து பதில் வரும் என்று கணவர் கிண்டல் செய்வார்.

இப்படிப்பட்டவள் உலகத்திலேயே யாரிடம் அதிகம் பேச ஆசைப்பட்டாளோ, அந்த ஆளுக்கு இந்தக் குரல் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுடைய அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு கையாலேயே ஊர் வம்பெல்லாம் பேசித் தீர்த்தவர்கள். பள்ளிக்கூடத்தில் அக்கா கற்றுக்கொண்டு வந்த சைகை பாதி, இவர்களாகவே உண்டாக்கிக்கொண்டது பாதி. தங்கையின் கணவருக்கு அக்கா வைத்த பெயரைச் சொல்ல வேண்டுமானால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பொந்துக்குள் பார்க்க வேண்டும். மனிதர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர்.

அக்கா வாழ்க்கைப்பட்டது தொலைதூர ஊரில். போனில் வீடியோ வந்தபோது தங்கை துள்ளிக் குதித்தாள். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. போனை எதன்மேலாவது சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றால், பார்வை மங்கிய கண்ணுக்கு அக்காவின் விரல்கள் தெரியாது. கையில் பிடித்துக்கொண்டால் விரல் தெரியும், பேச ஒரு கைதான் மிஞ்சும். ஒற்றைக் கையால் என்ன பேசிவிட முடியும்? சாப்பிட்டாயா, நல்லா இருக்கேன், மழை, தூக்கம் வருது. அவ்வளவுதான் வரும். கோபம், கேலி, புறணி எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும்.

அக்கா வீட்டில் மகன் பெரிய திரை மாட்டிக்கொடுத்திருந்தான். அவள் இரண்டு கையாலும் கொட்டித் தீர்ப்பாள், இவள் ஒற்றைக் கையால் தலையாட்டுகிற மாதிரி ஏதோ சொல்லி வைப்பாள். கொஞ்ச காலமாக அக்காவும் சீக்கிரமே முடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். சரி, வேலையிருக்கு, அப்புறம் பார்ப்போம் என்று கையசைத்துவிட்டுப் போய்விடுவாள். கூடப்பிறந்தவள் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக அந்நியமாகிறாளே என்று இவளுக்கு மனசு அரித்தது. அதனால்தான் லேப்டாப் வாங்கியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். புதியது கைக்கு எட்டாது. ஆன்லைனில் பழையது பார்ப்போம் என்று முடிவாயிற்று.

பார்க்கிற பொறுப்பை மீட்டர்க்காரர் எடுத்துக்கொண்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு விளம்பரமாகத் துருவினார். ஒன்றில் படம் வேறெங்கிருந்தோ எடுத்துப் போட்டது. இன்னொன்றில் முன்பணம் அனுப்பினால் பொருள் தானாக வீடு தேடி வருமாம். "வரும் வரும், இவன் தாத்தா வந்து குடுப்பாரு" என்று தள்ளிவிட்டார். மூடி ஆடுகிறது, பேட்டரி உப்பியிருக்கிறது, விற்கிறவன் எழுதியிருப்பதில் பணிவு ஜாஸ்தி, ஏதோ தில்லுமுல்லு. எதையும் வேண்டாம் என்று சொல்வதில் சில ஆண்களுக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. வாங்காதவன் ஒருபோதும் ஏமாறுவதில்லை அல்லவா!

அப்படித் தள்ளிய குப்பையில் ஒரு விளம்பரம் கிடந்தது. ஏதோ கணக்காளர் அலுவலகத்தில் வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் போட்டது. பெரிய திரை, கேமரா அருமை, ஸ்பீக்கர் மட்டும் செத்துப்போய்விட்டது, ஹெட்போன் போட்டாலும் கேட்காது, மறைக்க ஒன்றுமில்லை, நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாள். விலை அடிமாட்டு விலை.

"சத்தமே வராதாமே. அத வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார் மீட்டர்க்காரர்.

"அதானே? சத்தம் இல்லாம எப்படிப் பேசுறது?" என்றாள் மைக்கக்கா.

இரண்டு பேரும் ஒருமனதாக அதைத் தூக்கிப் போட்டார்கள். குடும்பம் நடத்த ஆரம்பித்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போன விஷயங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

அடுத்த விடுமுறை நாளில் அக்கா போனில் வந்தாள். தங்கை தன் லேப்டாப் வேட்டையை ஒற்றைக் கையால் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். ஒண்ணுமே தேறல, ஒண்ணு மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு, வேணாம்னுட்டோம்.

ஏன் வேணாம்னீங்க என்று அக்கா கேட்டாள்.

காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினாள் தங்கை. சத்தம் வராதாம்.

அக்கா அசையாமல் இவளையே பார்த்தாள். தங்கையும் பார்த்தாள். பிறகு அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், மேஜையில் தலையைக் கவிழ்த்தாள், நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்ந்தாள். பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தையைக்கூடக் குரலால் பேசிக்கொள்ளாத இரண்டு பேரில் ஒருத்தி, சத்தம் வரவில்லை என்று ஒரு பொருளைக் கழித்துக்கட்டியிருக்கிறாள். தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் முழுக்க மைக்கின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து புத்தி மழுங்கிவிட்டது போலிருக்கிறது.

"ஏங்க! அந்த ஊமை லேப்டாப் இன்னும் இருக்கான்னு பாருங்க! சீக்கிரம்!" என்று அவள் போட்ட கூச்சலில் மாடிவீட்டு ஜன்னல் திறந்தது.

இருந்தது. சத்தம் வராத பொருளை வேறு எவரும் சீந்தவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் பழைய சாமான் எடுக்கிற ஆளுக்குக் கொடுத்துவிடப் போவதாக அந்தப் பெண் சொன்னாள். மறுநாள் மைக்கக்கா முதல் ஷிப்ட் முடிந்த கையோடு கணவரை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அலுவலகம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில். மீட்டர்க்காரர் பையில் ஸ்க்ரூ டிரைவர், டார்ச், துடைக்கத் துணி எல்லாம் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் இருந்த லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூடியைத் திறந்து மூடினார், காற்றுப் போகும் துவாரத்துக்குள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு டார்ச் அடித்தார்.

"பேட்டரி எவ்ளோ நேரம்மா நிக்கும்?"

"சார், நான் எப்பவும் சார்ஜ்ல போட்டுத்தான் யூஸ் பண்ணுவேன். உண்மையத்தான் சொல்றேன்."

"ம்ம். கொஞ்சம் யோசிக்கணும்" என்று இழுத்தார். அவர் யோசிக்கணும் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். மைக்கக்கா முந்திக்கொண்டாள்.

"யோசிக்கறது அப்புறம். ஏம்மா, இதுலேர்ந்து எங்க அக்காவ ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கலாமா?"

அந்தப் பெண் இணைத்துக் கொடுத்தாள். திரை முழுக்க அக்கா வந்து நின்றாள். நகத்தில் மருதாணிச் சாயம் பாதி அழிந்திருப்பதுகூடத் தெரிந்தது. மைக்கக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி இரண்டு கையையும் தூக்கினாள். வெகுநாள் கழித்து இரண்டாவது கையும் பேச்சில் சேர்ந்துகொண்டது. முதலில் கொஞ்சம் திக்கியது. அப்புறம் மடை திறந்துகொண்டது. வழியில் நின்றுபோன பஸ், கண்டக்டரின் அலட்டல், பின்சீட்டுக்காரன் விட்ட குறட்டை, பக்கத்தில் டார்ச்சும் கையுமாகக் குனிந்து நிற்கும் மனிதர் எல்லாம் வந்தன.

அக்கா குறுக்கே கையை நீட்டி நிறுத்தினாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நீ இப்படிப் பேசி எவ்ளோ நாளாச்சு தெரியுமா என்றாள். எதக் கேட்டாலும் ஆமா, இல்ல, சரி. என்கிட்டப் பேச உனக்கு அலுத்துப்போச்சுன்னு நினைச்சேன். உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான் நானும் சீக்கிரம் முடிச்சுக்குவேன்.

மைக்கக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்நியமாகிக்கொண்டிருந்தது தான்தான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அலுக்கலடி, ஒரு கையில போன் இருந்துச்சு, அவ்ளோதான் என்றாள். இத்தனை வருஷமும் அதைச் சொல்லக்கூட அவளுக்கு ஒரு கை குறைந்திருக்கிறது.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் ஓங்கித் திட்ட ஆரம்பித்தாள். வாயத் திறந்து ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுது, இத எங்கிட்ட சொல்லத் தோணலியா? தலையில என்ன களிமண்ணா? அதோடு நிற்கவில்லை. போன தடவை வந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனது, மகன் கல்யாணத்தில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, நல்ல முடியை இப்படிக் குட்டையாக வெட்டிக்கொண்டது என்று வரிசையாக எடுத்துப் போட்டாள். இவளும் விடவில்லை. யாரு மூஞ்சியத் தூக்கினது, நீயா நானா என்று மேஜை அதிர எதிர்க்கை போட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

வரவேற்புப் பெண் பயந்துபோனாள். "ஆன்ட்டி, என்னாச்சு? லேப்டாப்ல ஏதாச்சும் பிரச்சனையா?"

"எங்க அக்கா என்னைத் திட்டுறாம்மா!" என்றாள் மைக்கக்கா. முகமெல்லாம் பல்லாக இருந்தது.

மீட்டர்க்காரர் திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பேரமே பேசாமல் பணத்தை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். "ஆபீஸ் மூடணும் சார்" என்று அவள் தயங்கினாள்.

"கொஞ்சம் இரும்மா" என்று அவர் வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "ரொம்ப நாள் சண்ட பாக்கியிருக்கு."