நெல்லுக்குப் பக்கத்து இடம்

யார்க் தீபகற்பத்தில், பார்லி விளையும் எங்கள் ஊரில், வெளியிலிருந்து வந்து குடியேறியவரை 'ப்ளோ-இன்' என்போம். காற்று அடித்துக்கொண்டு வந்து போட்ட ஆள் என்று அர்த்தம். தாத்தாவும் அப்பாவும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தால்தான் ஒருவன் ஊர்க்காரன். சிரித்துக்கொண்டேதான் சொல்வோம், சொல்லாமல் மட்டும் இருக்கமாட்டோம்.

க்ளெம் ஹார்ப்பர், போர்ட் பிரீயிலிருந்து தானியக் கிடங்கு வேலைக்கு வந்தவன். என் சித்தப்பா மகள் நெல் ட்ரெஸைஸைக் கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் இங்கேயே இருந்தான். தீயணைப்பு வண்டி ஓட்டினான், கால்பந்து நாளில் சாசேஜ் சுட்டான், யார் வீட்டுச் சவப்பெட்டிக்கும் முதலில் தோள் கொடுத்தான். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

நெல் இறந்ததும் கல்லறைத் தோட்டத்தில் ட்ரெஸைஸ் குடும்ப வரிசையில் புதைத்தோம். அவள் பக்கத்தில் இன்னும் ஒருவருக்கு மட்டுமே இடம் மிச்சம். க்ளெம் கேட்டது அந்த இடத்தைத்தான். குடும்பத்துக்கு மூத்தவன் நெல்லின் அண்ணன் லிண்ட்சே. அவன் சரி என்று சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, கையில் சாண்ட்விச்சோடு சொன்னான்:

"அது எங்க ஈடிக்கு வச்சிருக்கு மாப்ள. நீ காத்துல வந்தவன்தானே, எங்க கிடந்தா என்ன?"

சிலர் சிரித்தார்கள். க்ளெமும் சிரித்தான். பிறகு அவன் கேட்கவேயில்லை. அடுத்த அறுவடைக்குள் வீட்டை விற்றுவிட்டுப் பிறந்த ஊருக்கே போய்விட்டான்.

ஈடி கடைசித் தங்கை, கல்யாணம் செய்துகொள்ளாதவள். அன்று உள்ளே கோப்பை கழுவிக்கொண்டிருந்தவளுக்கு விஷயமே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணனைத் தேவாலய வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட எவ எடம் கேட்டா? என்னை எரிச்சுக் கடல்ல கொட்டுங்கன்னு எப்பவோ சொல்லியாச்சு. போய் அக்கா புருஷனைக் கூட்டிட்டு வா."

லிண்ட்சே காரை எடுத்தான், நானும் கூடப் போனேன். வாடகை வீட்டில் மெலிந்து போயிருந்தான் க்ளெம். இடம் உனக்குத்தான் என்று தரையைப் பார்த்தபடி லிண்ட்சே சொன்னான். க்ளெம் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"இங்கயும் என்னைத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்ல மச்சான். பக்கத்து வீட்டுக்காரன் என்னைத்தான் ப்ளோ-இன்னுங்கறான். இன்னொரு தடவ கெளம்பத் தெம்பு இல்ல. எங்கம்மா பக்கத்துல எடம் சொல்லி வச்சுட்டேன். விடு."

வற்புறுத்திப் பார்த்தோம். பேச்சைப் பார்லி விலைக்குத் திருப்பிவிட்டான்.

அந்தக் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான். ஊரே கிளம்பிப் போய் அவனுக்குத் தோள் கொடுத்தது. பிற்பாடு ஈடியும் சொன்னபடி கடலுக்குப் போனாள். நெல்லுக்குப் பக்கத்து இடம் இன்னும் காலிதான். லிண்ட்சே புல் வெட்டப் போனால் அதையும் சேர்த்தே வெட்டுகிறான். புதிதாக வந்திருக்கும் ரொட்டிக் கடைக்காரனை யாராவது 'ப்ளோ-இன்' என்று சொல்லிச் சீண்டினால், லிண்ட்சே குடித்த கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறான்.