டேமேஜ் அக்காவின் முகம்

சேத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் வெங்கடேஸ்வரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் கேட்டே விட்டாள்.

"யக்கா, நீங்க டேமேஜ் அக்காதான?"

"ஆமா."

"காலைல லைவ்ல பாத்தேன். ஊதாச் சேலையில அம்புட்டு அழகா இருந்தீய."

காலையில் வெங்கடேஸ்வரி வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஊதாச் சேலை அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது. சிரித்து வைத்தாள். மடியிலிருந்த மஞ்சப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் பெரியம்மாவின் சேலை இருந்தது.

கணவன் ஜெயபாண்டி பட்டாளத்தில் இருந்தான். கல்யாணமான மறுவருடமே அவள் சித்தப்பா விஜயபாண்டியின் ராஜபாளையம் துணிக்கடைக்கு வேலைக்கு வந்துவிட்டாள். வேலைக்காரி என்று அவரும் சொன்னதில்லை, அவளும் நினைத்ததில்லை. பின்னால் அவளைக் கவிழ்த்தது அந்த நினைப்புதான்.

வியாபாரம் படுத்துப்போன ஒரு வருடம், லைவில் சேலை விற்க, போனைக் கம்பியில் மாட்டி அவளை அதன் முன் நிறுத்தினார்கள். முதல் சேலையை விரித்ததுமே சொன்னாள்: "இந்தா பாருங்க, முந்தியில ஒரு நூல் இழுத்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனா இருக்கு." நேர்மை என்று அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்கு வருகிறவள் எப்படியும் விரித்துப் பார்த்துத்தான் வாங்குவாள். மறைத்தால் மறுநாள் வாசலில் நின்று கத்துவாள். அந்தப் பயம் வாய்க்குப் பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"ஏட்டி, கடையவே மூடிருவ போலயே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் விஜயபாண்டி. சாயங்காலத்துக்குள் அந்தச் சேலைதான் முதலில் விற்றது. பட்டாளத்துக் குடியிருப்புகளிலிருந்தும் துபாயிலிருந்தும் பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். டேமேஜ் அக்கா என்று பேர் வைத்தவர்களும் அவர்கள்தான். அக்கா குறை சொல்லாத சேலையை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டாவது கடை வந்தது. ஆடிப்பூரத் தேருக்கு முன்பு திறப்பு. வீடியோக்காரன் ராம்குமார் ஒரு யோசனை சொன்னான். அக்காவை ஒருமுறை முழுதாகப் பதிந்துகொண்டால் போதும், மற்றதை ஏ.ஐ. பேசிக்கொள்ளும்.

"நீ நம்ம வீட்டுப் பிள்ள. உங்கிட்டப் போயி ஒப்பந்தம் அது இதுன்னு பேச முடியுமா?" என்றார் சித்தப்பா.

அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். கோபப்படச் சொன்னார்கள், பட்டாள். ஆனா ஆவன்னாவிலிருந்து அத்தனை எழுத்தையும் வாய்விட்டுச் சொன்னாள்.

தேர் நிலைக்கு வந்த பிறகு கடையில் அவளுக்கு வேலை குறைந்தது. துணி மடித்தாள். பிறகு அதற்கும் ஆள் வந்தது. போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொந்தத்தில் அதற்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. "கொஞ்ச நாளைக்கு வீட்ல இரும்மா. ஒடம்பப் பாத்துக்க." அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று கான்சாபுரத்திலிருந்து முத்துப்பேச்சி பெரியம்மா வந்து, காப்பிகூடக் குடிக்காமல் பையைக் கீழே போட்டாள். பேத்தி சடங்குக்கு எடுத்த சேலை. ஒரே தண்ணியில் சாயம் இறங்கி, பிள்ளையின் வெள்ளைப் பாவாடையும் சேர்ந்து போயிருந்தது.

"வேற எவளும் சொல்லிருந்தா வாங்கிருப்பனா? நீ சொன்னேன்னுதானட்டி வாங்குனேன்."

"அது நானில்ல பெரியம்மா."

"மூஞ்சி ஒன்னுது, சத்தம் ஒன்னுது. பொறவு யாரு, உங்க ஆத்தாளா?"

ராஜபாளையம் கடையில் ராம்குமார்தான் இருந்தான். வெங்கடேஸ்வரி சேலையை மேசைமேல் விரித்தாள்.

"இதுக்கு என்ன சொல்லி வித்தீய?"

அவன் தேடி எடுத்துக் காட்டினான். திரையில் அவள் சிரித்தாள். முந்தியை விரலால் தடவிச் சொன்னாள்: "இந்தா பாருங்க, ஒரு நூல் இழுத்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனா இருக்கு."

வெங்கடேஸ்வரி முந்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு நூலும் இழுத்திருக்கவில்லை.

"நல்லாத்தானப்பா இருக்கு முந்தி?"

"அது உங்க ஸ்டைல்க்கா. மூணு சேலைக்கு ஒருவாட்டி அதுவா சொல்லும். அது சொன்னா சேல்ஸ் பிச்சுக்கிட்டுப் போகுது."

"சாயம் போறத ஏன் சொல்லல?"

"அதுக்கு எப்படிக்கா தெரியும்? அது என்ன தொவச்சா பாத்துச்சு?"

உண்மை சொல்வதற்கும் உண்மை சொல்கிறவளைப் போலப் பேசுவதற்கும் நடுவே ஒரு கை இருந்தது. துணியைத் தொட்டுப் பார்த்த கை. கையை விட்டுவிட்டு வாயை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வாங்குகிறவர்களும் கேட்டது வாயைத்தான்.

சித்தப்பா உள்ளேயிருந்து வந்தார்.

"என் மூஞ்சிய நிப்பாட்டுங்க சித்தப்பா."

"ஒன் மூஞ்சி ஒங்கிட்டத்தானம்மா இருக்கு. யாரு புடுங்குனா?" என்று சிரித்தார். பெரியம்மாவுக்கு வேறு சேலை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். "இத வெளிய பேசிக்கிட்டுத் திரியாத. சொந்தம் முறிஞ்சிரும்."

இரண்டு கடையை நம்பி இருபது பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. அவள் மேசைமேல் விரித்த சேலையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த வாரம், சேத்தூரில் தன் வீட்டுச் சுவரில் ஒரு போர்வையைக் கட்டி, வெங்கடேஸ்வரி தானே லைவ் போட்டாள். தெரிந்த நெசவாளியிடம் எடுத்த பருத்திச் சேலைகள். ஒவ்வொன்றையும் ஓரம் நனைத்து, கசக்கி, வெயிலில் காயப்போட்டுப் பார்த்திருந்தாள். தன் பேரைக் காப்பாற்ற இதைவிட்டால் வழியில்லை என்று நினைத்தாள்.

"நாந்தான் வெங்கடேஸ்வரி. கடையில பேசுறது நானில்ல. இந்தச் சேலைக்குச் சாயம் போகாது, நூல் இழுக்கல. நல்ல சேலை."

எழுத்துகள் ஏறத் தொடங்கின.

"ஏ.ஐ. போல. கண்ணு சரியில்ல."

"டேமேஜ் அக்கா வாய்ஸ அப்படியே சுட்டுட்டாங்க."

"ஒரிஜினல் அக்கா கடைப் பேஜ்லதான் இருக்காங்க. ஏமாறாதீங்க மக்களே."

"ஒரிஜினல்னா முதல்ல டேமேஜக் காட்டிருக்கும். எங்க டேமேஜ்?"

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அவள் சேலையைத் திருப்பினாள். பார்டரைப் பார்த்தாள், சேலையின் உடல் பகுதியைப் பார்த்தாள். சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

"இருங்க, போயிராதீய."

முந்தியை மடியில் போட்டாள். போனின் கண்ணுக்குப் படாமல், கட்டைவிரல் நகத்தை இழையில் கொடுத்து மெல்ல நெம்பினாள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள்.

"இந்தா பாருங்க, முந்தியில ஒரு நூல் இழுத்திருக்கு."

"அக்கா!" என்று எழுதியது ஒரு கை. "எங்க அக்காவேதான்."