குளத்தின் மேற்குப் பாதி

பங்குனி மாதம் ஒரு காலை, தக்கலையில் பேருந்தை விட்டிறங்கி அலுவலகத்துக்கு நடக்கையில் மூன்று பேரை இடித்தேன். மூவருமே என் இடப்பக்கமாக வந்தவர்கள். மூன்றாவது ஆளிடம், "கண்ணு தெரியாதா வேய்?" என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உமக்குத்தான் என்னமோ போல இருக்கு. இஞ்ச இரியும்" என்று டீக்கடை ஸ்டூலில் உட்கார வைத்தார். அதன் பிறகுதான் தலைவலி தொடங்கியது.

மூளையின் வலப் பின்பகுதியில் ரத்தக்கட்டு அடைத்திருக்கிறது என்றார்கள் நாகர்கோவில் மருத்துவமனையில். விளைவு, ஹெமியனோப்பியா (இரண்டு கண்களிலும் ஒரே பக்கத்துப் பார்வை போய்விடுவது). கண்ணில் கோளாறில்லை. கண் அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் இடம் செத்துவிட்டது.

"கை காலுக்கு ஒண்ணும் ஆகல்ல. நீங்க பாக்கியசாலி" என்றார் மருத்துவர். இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உங்களிடமும் இதைச் சொல்வார்கள். தலையாட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பார்வைப் புலப் பரிசோதனை (எந்தத் திசையில் வெளிச்சப் புள்ளி தெரிகிறது என்று பார்ப்பது) முடிந்து ஒரு தாள் தந்தார்கள். வட்டத்தின் இடப்பாதி முழுக்கக் கறுப்பு. நான் நில அளவைத் துறையில் இருபத்தாறு வருடமாக வரைவாளன். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, அச்சு இயந்திரம் சரியில்லை என்பதுதான். ஏனென்றால் எனக்கு எந்தக் கறுப்பும் தெரியவில்லை. உங்கள் பிடரிக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது? அப்படித்தான்.

"தலையை நல்லா இடப்பக்கம் திருப்பிப் பழகுங்க" என்றார் மருத்துவர். திருப்பினேன். எவ்வளவு திருப்பினேன் என்று அளந்து பார்க்கவில்லை. எதையும் அளந்தே பழகியவன் இதை மட்டும் அளக்கவில்லை.

பதினோரு வருடமாக ஊர்ப் பெரிய குளத்தைப் பற்றி வலைப்பதிவு எழுதி வந்தேன். இதுபோல் எழுதும் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு சவால் வைத்துக்கொள்வோம்: ஐப்பசி முதல் நாள் தொடங்கி முப்பது நாள், நாளுக்கு ஒரு பருவக் குறிப்பு. ஏழு மாத இடைவெளிக்குப் பிறகு அதில் பெயர் கொடுத்தேன். முதல் நாளே, 'மீண்டு வந்த சிங்கமே' என்று பின்னூட்டங்கள். எந்தச் சிங்கம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குளக்கரைக்குப் போகும்?

விஜயா துணைக்கு வருவாள். ஆனால் பறவை எண்ணிக்கையில் தலையிட விடமாட்டேன். தெற்குக் கரையில் மடையருகே நின்று வடக்கே பார்த்து எண்ணுவது என் வழக்கம். ஆறாம் நாள் எண்ணியபோதும், தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி ஒன்றுகூட இல்லை. கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்துக் குளம் என்று முடிவு செய்தேன்.

"அங்க என்னமோ நிக்கே" என்றாள் விஜயா.

"தாழைக்கோழியா இருக்கும். உனக்கு என்ன தெரியும்?"

குளத்துத் தாமரையைப் பூப்பறித்து விற்க ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். வீட்டுக்கு வந்து எழுதினேன்: 'தாமரைக் குத்தகைக்காரர் பறவைகளை விரட்டிவிட்டார். பதினோரு ஆண்டில் முதல்முறையாக இலைக்கோழி இல்லாத ஐப்பசி.' என் எண்ணிக்கையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. பதிவு ஊர் வாட்ஸாப் குழுவுக்குப் போனது. அதற்கு மூன்றாம் நாள் வனத்துறை அதிகாரிகள் வந்து பூப்பறிப்பை நிறுத்தினார்கள். பூ விலை ஏறும் தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது.

அன்று மத்தியானமே குத்தகைக்காரர் செல்லதுரை வீட்டுக்கு வந்தார். வாசலில் என் இடப்பக்கம் நின்று பேசியிருக்கிறார். நான் ஆளைத் தேடியிருக்கிறேன்.

"இஞ்சதான் நிக்கேன் சாரே. மனுசனையே தெரியல்ல, கோழி தெரியாமப் போச்சாக்கும். வாரும் குளத்துக்கு."

போனோம். வழக்கமான இடத்தில் நின்றேன். தலையைத் திருப்பினேன்.

"எங்க இருக்கு?" என்றேன்.

செல்லதுரை என் தாடையைப் பிடித்தார். விரல்களில் சேறு மணத்தது. "இவியளுக்குச் சொகமில்லேல்லா, கையை எடும்" என்று விஜயா பதறினாள். அவர் எடுக்கவில்லை. இடப்பக்கமாகத் திருப்பினார். திருப்பிவிட்டேன் என்று நான் நினைத்திருந்த இடத்தையும் தாண்டி, கழுத்து வலிக்கும்வரை.

"இப்பம் எண்ணும் வேய்."

மேற்குப் பாதி முழுக்கத் தாமரை. அதன்மேல் முப்பத்தொரு இலைக்கோழிகள். எனக்கு ஒரு நாற்பதடி தூரத்தில் இரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

அவற்றின்மீது எனக்கு எந்த அன்பும் வரவில்லை. அவமானம்தான் வந்தது. தொடர்ந்து, இத்தனை நாளும் பக்கத்தில் நின்ற விஜயாமீது கோபம். "நீ ஏன் சொல்லல்ல?" என்றேன்.

"சொன்னேன். நீங்கதான் தாழைக்கோழின்னியோ" என்றாள்.

அன்று மாலையே திருத்தம் எழுதினேன். தவறு என்னுடையது, குளத்தின் பாதி எனக்குத் தெரியவில்லை, குத்தகைக்காரர் யாரையும் விரட்டவில்லை. பழைய பதிவை நீக்காமல் அதன் தலையிலும் இதைச் சேர்த்தேன். அதிகாரிகளுக்கும் கடிதம் கொடுத்தேன். பூப்பறிப்பை மீண்டும் அனுமதித்தபோது தீபாவளி கழிந்திருந்தது. பூக்கள் இலைக்கு நடுவே முற்றி இதழ் உதிர்ந்து கிடந்தன.

செல்லதுரையிடம் திருத்தத்தைக் காட்டினேன். அவர் போனை வாங்கவில்லை. "அதை வாசிச்சவன் பூராவும் இதை வாசிப்பானா?" என்றார். இன்றுவரை அவர் என்னுடன் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

பின்னூட்டங்களில் பலர், 'உடல்நிலைதானே காரணம், வருந்தாதீர்கள்' என்று எழுதினார்கள். நோயாளிகளே, இந்தச் சலுகையையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். பாதி தெரியாமல் போனது நோய். தெரிந்த பாதியை முழுக்குளம் என்று எழுதியது நான்.

மீதி நாட்களை விடவில்லை. ஆனால் முறையை மாற்றினேன். மடையில் நின்று வலப்பக்கம் விழும் கிழக்குப் பாதியை மட்டும் எண்ணுகிறேன். பிறகு விஜயாவின் தோளைப் பிடித்துக் கரையைச் சுற்றி நடந்து, வடகரையில் தெற்கே பார்த்து நிற்கிறேன். இப்போது மேற்குப் பாதி என் வலப்பக்கம். அவளும் தனியாக எண்ணுகிறாள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுகிறேன்.

ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு முக்கால் மணி நேரம். முன்பு குளம் எனக்கு ஒரே கணத்தில் கிடைத்தது. இப்போது அதன் ஒரு பாதி எப்போதும் பழையதாகிவிடுகிறது. நான் நடக்கும் நேரத்தில் ஒரு பறவை பறந்து இடம் மாறினால் அதை இருமுறை எண்ணியிருப்பேன், அல்லது எண்ணாமலே விட்டிருப்பேன். என் உடம்பும் இப்படித்தான் எனக்குக் கிடைக்கிறது: பாதி இப்போது, பாதி சற்றுக் கழித்து.

முப்பதாம் நாள் குறிப்பு: 'நீளவால் இலைக்கோழி. கிழக்கு, காலை 6.40: நான்கு. மேற்கு, 7.25: இருபத்தாறு, விஜயாவின் எண்ணிக்கை இருபத்தெட்டு.' மொத்தம் என்ற கட்டத்தைப் பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் காலியாக விட்டேன்.